ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயருக்கு ரோல் பார், சேலத்துலயே செஞ்சுக்க முடியுமா?

சேர்வராயன்68:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. ஏற்காட்டுல ஒரு காபி எஸ்டேட் ஷெட்டுல வருஷக்கணக்கா தார்ப்பாய் மூடி கெடந்த வண்டி, 1968 மாடல் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3, 1296 சிசி, ரெண்டே சீட்டு, மேல துணி ஹூட். வாங்கி கீழ எறக்கி இஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக் எல்லாம் பாத்தாச்சு, இப்ப நல்லா ஓடுது. ஞாயித்துக்கிழம விடிகாலைல கோரிமேடு வழியா அடிவாரம் போயி மேல ஏறி ஏரிக்கிட்ட ஒரு டீய குடிச்சுட்டு வெயில் வர்றதுக்குள்ள எறங்கிடறது, இதான் இப்போதைக்கு ஓட்டம். கோயமுத்தூர் கரி ஸ்பீட்வேல டிராக் டே (நம்ம சொந்த வண்டிய ரேஸ் டிராக்ல ஓட்ட விடற நாள்) வந்தா அங்கயும் ஒருவாட்டி ஓட்டிப் பாக்கணும்னு ஆசை.

பிரச்சனை என்னன்னா தலைக்கு மேல ஒண்ணுமே கெடையாது. வீட்டம்மா ஒரு தடவ கூட வந்துட்டு "இது கவுந்தா என்னங்க ஆகும்"னு கேட்டாங்க, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அதனால ரோல் பார், அதாவது வண்டி கவுந்தா தலைய காப்பாத்தற கம்பி வளையம், சீட்டுக்கு பின்னாடி போட்டுடலாம்னு முடிவு. வெளிநாட்டுல ரெடிமேடா கிடைக்குது, ஆனா கப்பல் செலவு, கஸ்டம்ஸ் டூட்டி எல்லாம் கூட்டிப் பாத்தா தல சுத்துது. இங்க கேட்டு, கிரில், மாடிப்படி கைப்பிடி பண்ற ஒருத்தர் வந்து பாத்துட்டு "சார், 304 எஸ்எஸ் பைப்ல ரெண்டு சீட்டுக்கு பின்னாடியும் தனித்தனியா வளையம் வெச்சு பாலிஷ் அடிச்சு குடுத்துடறேன், கண்ணாடி மாதிரி இருக்கும், மூணே நாள்"ங்கறாரு. ரேட்டும் கம்மி தான். ஆனா மனசு ஒப்பல.

கேள்விங்க: என்ன பைப் வாங்கணும், வண்டில எந்த எடத்துல புடிக்கணும், ஆர்டிஓல ஏதாச்சும் சொல்வாங்களா, ஹூட்ட மடிக்க முடியுமா. எனக்கு உயரம் ஆறடிக்கு ஒரு இஞ்ச் கம்மி, உக்காந்தா விண்ட்ஸ்கிரீன் மேல் சட்டத்துக்கு சமமா நெத்தி நிக்குது.

லேத்_பட்டறை:

அண்ணா, மொதல்ல அந்த எஸ்எஸ் ஆசைய விடுங்க. நம்மூர்ல ஸ்டீல் பிளாண்ட் இருக்கறதால எதுக்கெடுத்தாலும் எஸ்எஸ் எஸ்எஸ்ங்கறாங்க, பிளாண்ட்ல வர்றது ஷீட்டும் காயிலும், நீங்க சொல்ற பைப் வேற எங்கயோ தையல் போட்டு வர்றது. கைப்பிடிக்கு விக்கற பாலிஷ் பைப் எல்லாம் கனம் ஒண்ணரை மி.மீ. கூட இருக்காது, அடி வாங்குனா மடிஞ்சு சப்பையாயிடும். பாக்க ஜோரா இருக்கும், அவ்ளோதான்.

ரேஸ்க்கு எஃப்ஐஏ (உலக மோட்டார் ரேஸ் அமைப்பு) வெச்சிருக்கற கணக்கு தெளிவா இருக்கு. மெயின் வளையத்துக்கு கோல்டு ட்ரான் சீம்லெஸ் (சூடாக்காம இழுத்த, தையல் இல்லாத) கார்பன் ஸ்டீல் டியூப், வெளிவிட்டம் 45 மி.மீ.னா கனம் 2.5, 50 மி.மீ.னா கனம் 2.0, இழுவை பலம் குறைஞ்சது 350 நியூட்டன் (ஒரு சதுர மி.மீ.க்கு). பின்னாடி சாயற கால், குறுக்கு கம்பிக்கு எல்லாம் 38க்கு 2.5, இல்லாட்டி 40க்கு 2.0. இதுக்கு கீழ போகாதீங்க. 45க்கு 2.5 டியூப் ஒரு மீட்டர் 2.6 கிலோ சொச்சம் வரும், முழு வளையம், கால், பிளேட்டு எல்லாம் சேந்தாலும் இருவது கிலோவ தாண்டாது.

கடைல கேக்கறப்ப ஒரு விஷயம் கவனிங்க. "ஒண்ணரை இஞ்ச் பைப்"னு கேட்டீங்கன்னா தண்ணி பைப்ப தூக்கி குடுப்பாங்க, அதோட வெளிவிட்டம் 48.3 மி.மீ., உள்ள தையல் கோடு தெரியும். நமக்கு வேண்டியது டியூப், வெளிவிட்டத்துல கணக்கு பேசற சரக்கு. மில் டெஸ்ட் சர்ட்டிபிகேட் ஜெராக்ஸ் குடுங்கன்னு கேளுங்க, முழிச்சா அடுத்த கடை. திருச்செங்கோட்டுல போர்வெல் ரிக் கட்டற பட்டறைங்களுக்கு சீம்லெஸ் சரக்கு பழக்கமான விஷயம், அவங்க எங்க வாங்கறாங்கன்னு விசாரிச்சா வழி கெடைக்கும். ஜிஐ பைப் பக்கமே போகாதீங்க, வெல்டிங் அடிக்கறப்ப துத்தநாகப் புகை வரும், அடிச்சவன் அன்னிக்கு ராத்திரி காய்ச்சல்ல படுத்துக்குவான், வெல்டும் ஓட்டை ஓட்டையா நிக்கும்.

வளைக்கறது தான் பெரிய வேலை. மணல் ரொப்பி கேஸ் அடிச்சு பழுக்க காச்சி வளைக்கற பழைய வித்தை நம்ம பக்கம் நல்லாவே பண்ணுவாங்க, ஆனா இதுக்கு அது ஆகாது, குளிர்ச்சியா தான் வளைக்கணும், பென்டர்ல டியூப்புக்கு சரியான டை (அச்சு) இருக்கணும். வளைவோட ஆரம் டியூப் விட்டத்துல மூணு மடங்குக்கு குறையக் கூடாது, 45க்கு 135 மி.மீ. வளைச்ச எடத்துல வெர்னியர் வெச்சு ரெண்டு பக்கமும் அளந்து பாருங்க, சின்ன அளவ பெரிய அளவால வகுத்தா 0.9க்கு கீழ வரக்கூடாது. 46க்கு 41னு வந்துச்சுன்னா 0.89, அத தூக்கி ஓரமா வெச்சுட்டு வேற பீஸ் வளைக்க சொல்லுங்க. உள் வளைவுல சுருக்கம் விழுந்திருந்தா அளக்கவே வேணாம், காயலான் கடை தான்.

வெல்டிங் ஆர்கான்ல அடிச்சா ரொம்ப நல்லது, சிஓடூல அடிச்சாலும் தப்பில்ல, ஆள் தான் முக்கியம். கண்ணுக்கு தெரியற பக்கம் வரிசையா அடிச்சுட்டு கை போகாத பக்கம் சும்மா விட்டுட்டு பெயிண்ட்ட அடிச்சு மூடற ஆளுங்க இருக்காங்க. அதே டியூப்ல ரெண்டு துண்டு வெட்டி டி மாதிரி ஒட்டி குடுக்க சொல்லுங்க, அத வைஸ்ல கடிக்க வெச்சு நீட்டு பைப்ப மாட்டி நெம்புங்க. டியூப் வளையணும், வெல்டு விடக்கூடாது. வெல்டு பிச்சுக்கிட்டு வந்தா டீ வாங்கிக் குடுத்து அனுப்பி வெச்சுடுங்க.

ஜீப்காரன்_ஓமலூர்:

இவ்ளோ பில்டப் எதுக்கு ப்ரோ? என் ஜீப்ல எஸ்எஸ் பார் போட்டு அஞ்சாறு வருஷமா ஓடுது, மேல நாலு லைட்டும் மாட்டிருக்கேன், ஒரு ஆட்டம் கூட இல்ல.

லேத்_பட்டறை:

தம்பி, அஞ்சாறு வருஷத்துல வண்டி கவுரல, அதனால பார் தாங்கிருச்சுன்னு சொல்றீங்க. லைட்டு மாட்ட அது நல்ல ஸ்டாண்டு தான், நான் இல்லன்னு சொல்லல.

செட்டிபாளையம்_கார்னர்:

சார் வணக்கம். நான் கோவை. ரேஸ் கார் செட்டப் வேலைல கொஞ்ச வருஷம் இருந்தவன். பைப் பத்தி மேல அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனா நான் பாத்த வரைக்கும் பார் ஒடிஞ்சு போனத விட பார் தரைய ஓட்டை போட்டுக்கிட்டு கீழ எறங்குனது தான் அதிகம். பார் எவ்ளோ கெட்டியா இருந்தாலும் அது நிக்கற எடம் தகரம்.

ஸ்பிட்ஃபயருக்கு நடுவுல முதுகெலும்பு மாதிரி ஒரு சேஸி, மேல பாடி தனியா போல்ட் போட்டு உக்காருது. ட்ரையம்போட இன்னொரு கார் ஹெரால்டு, அதுக்கு சேஸில சைடு ரெயில் உண்டு, இதுல கெடையாது, அந்த வேலைய கதவுக்கு கீழ இருக்கற சில் பெட்டி தான் பாக்குது. அதனால இந்த வண்டில சில் துருப்பிடிச்சு போயிருந்தா அது அழகு பிரச்சனை இல்ல, வண்டியோட பலமே போச்சு. உங்க வண்டி ஏற்காட்டு பனில வருஷக்கணக்கா நின்னுருக்கு. ஒரு காந்தத்த மெல்லிசு துணில சுத்தி சில் நீளத்துக்கும், சீட்டுக்கு பின்னாடி தரை மடங்கற எடத்துலயும் தேச்சுக்கிட்டே போங்க. ஒட்டாத எடம் எல்லாம் பட்டி. அங்க டிங்கர் வேலை முடிச்சு புது ஷீட் ஏறுன பிறகு தான் ரோல் பார் பேச்சு.

அப்பறம் கால் புடிக்கற எடம். மெயின் வளையத்தோட ஒவ்வொரு காலுக்கும் கீழ 3 மி.மீ. கனம், குறைஞ்சது 120 சதுர செ.மீ. பரப்புள்ள ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் பிளேட்டு, மூணு எம்8 போல்ட், 8.8 கிரேடு, இது எஃப்ஐஏ கணக்கு. பத்துக்கு பன்னெண்டு செ.மீ. பிளேட்டுன்னா 120 ஆச்சு, ஆனா நான் அதோட நிறுத்த மாட்டேன். தட்டையா விடாம எல் வடிவத்துல மடக்கி தரையையும் சீட்டுக்கு பின்னாடி எழும்பற சுவத்தையும் சேத்து புடிக்கற மாதிரி பண்ணுங்க, முடிஞ்சா சில் வரைக்கும் நீட்டுங்க. மூலைய உருட்டி விடுங்க, கூர் மூலை இருந்தா அது தான் முதல்ல தகரத்த கிழிக்கும். அடில வெறும் வாஷர் போட்டு முறுக்கறது வேலைக்கே ஆகாது. போல்ட் தலைல 8.8னு அச்சு இருக்கான்னு பாத்து வாங்குங்க, ஹார்டுவேர் கடைல கிலோ கணக்குல அள்ளிப் போடற போல்ட் வேணாம், தானா லூசாகாத நைலாக் நட்டு போடுங்க.

தனித்தனி வளையம், அதாவது ஒவ்வொரு சீட்டுக்கும் ஒண்ணு, பாக்க சூப்பர், பலத்துல சுமார். ஒரே வளையம் வண்டி அகலத்துக்கு, நடுவுல ஒரு குறுக்கு சாய்வு கம்பி, பின்னாடி ரெண்டு கால், இது தான் சரி. குறுக்கு கம்பி இல்லாத வளையம் பக்கவாட்டுல தள்ளுனா சாஞ்சுடும், வண்டி கவுர்றப்ப நேரா தலைகீழா விழறதில்ல, பக்கவாட்டுல உருண்டு தான் விழும். பின் கால் செங்குத்துல இருந்து குறைஞ்சது 30 டிகிரி சாயணும். இங்க தான் ஸ்பிட்ஃபயர்ல தலைவலி. சீட்டுக்கு பின்னாடி தகரம், அதுக்கு அந்தப் பக்கம் உடனே பெட்ரோல் டேங்க், மூடி டெக் நடுவுல நிக்குது. அதனால பின் கால் ரெண்டும் டேங்க்க ஒதுக்கி வீல் ஆர்ச் மேல போயி எறங்கற மாதிரி தான் வரணும். ட்ரில் போடறதுக்கு முன்னாடியே டேங்க்க கழட்டி வெளிய வெச்சுடுங்க, காலி டேங்க் தானேன்னு விட்டுட்டு வெல்டிங் பொறி பறக்க விடாதீங்க, ரொம்புன டேங்க்க விட காலி டேங்க் தான் மோசம், உள்ள முழுக்க ஆவி. பேட்டரி வயரும் கழட்டிடணும்.

உயரம்: நீங்க ஹெல்மெட் போட்டு சீட்டுல ஓட்டற மாதிரியே உக்காருங்க, யாரையாச்சும் விட்டு பார் உச்சி வர்ற எடத்துல இருந்து விண்ட்ஸ்கிரீன் மேல் சட்டத்துக்கு ஒரு நேர் கட்டைய புடிக்க சொல்லுங்க. ஹெல்மெட் அந்தக் கட்டைய தொடக்கூடாது, பார் உச்சி ஹெல்மெட்டுக்கு மேல ரெண்டு இஞ்சாவது நிக்கணும். உங்க உயரத்துக்கு பார் ஹூட்ட விட உசரமா வந்துடும்னு நெனைக்கறேன். அதுல சமரசம் பண்ணி பார எறக்குனீங்கன்னா பார் போட்டு புண்ணியமே இல்ல, அதுக்கு பதிலா சீட்ட எறக்க முடியுமான்னு பாருங்க.

அடிவாரம்:

எல்லாரும் கவுந்த பிறகு என்ன பண்றதுன்னு பேசறீங்க, இந்த வண்டி ஏன் கவுருதுன்னு யாருமே பேசலயே 😄

நான் ஹெரால்டு வெச்சிருக்கறவன், பின்பக்க சஸ்பென்ஷன் ரெண்டுக்கும் ஒரே குடும்பம். டிஃபரன்ஷியல் (ரெண்டு பின் சக்கரத்துக்கும் இஞ்சின் சுத்த பிரிச்சு குடுக்கற பெட்டி) மேல குறுக்கால ஒரே ஒரு லீஃப் ஸ்பிரிங், ரெண்டு பக்கமும் ஆக்சில் டிஃபரன்ஷியல் பக்கத்துல மட்டும் மடங்கும், சக்கரத்துக்கிட்ட மடங்காது. ஸ்விங் ஆக்சில்னு பேரு. அதனால பின்பக்கம் லேசாகி மேல தூக்குச்சுன்னா சக்கரம் நேரா நிக்காம, மாடு படுக்கறப்ப கால மடக்கற மாதிரி உள்ள மடங்கும். மடங்குனா வண்டி இன்னும் தூக்கும், தூக்குனா இன்னும் மடங்கும்.

இப்ப ஏற்காடு எறக்கத்த நெனச்சுப் பாருங்க. 20 கொண்டை ஊசி. எறக்கம்னாலே எடை முன்னாடி போயிடுது, பின்பக்கம் ஏற்கெனவே லேசு. வேகமா வந்துட்டோமேன்னு பயந்து வளைவு நடுவுல ஆக்சிலேட்டர்ல இருந்து டக்குனு கால எடுத்தீங்கன்னாலோ பிரேக்க மிதிச்சீங்கன்னாலோ வெளிப்பக்க பின் சக்கரம் மடங்கறதுக்கு அத விட தோதான எடம் கெடையாது. வேகத்த எல்லாம் வளைவுக்கு முன்னாடியே குறைச்சு, செகண்ட் கியர்ல விழுந்து, வளைவு முழுக்க லேசா ஆக்சிலேட்டர் குடுத்துக்கிட்டே போகணும். மேல ஏர்ற வண்டிக்கு வழி விட நீங்க நின்னு தான் ஆகணும், அதனால எப்படியும் வேகம் வேணாம். குப்பனூர் வழியா எறங்கறதுன்னாலும் இதே கதை தான், அங்க கூட்டம் கம்மிங்கறதால கால் தானா அழுத்தும்.

கம்பெனிக்கே இது தெரிஞ்சு 1970ல மார்க் 4 விட்டப்ப ஸ்விங் ஸ்பிரிங்னு மாத்துனாங்க. ஸ்பிரிங்ல கீழ் பட்டை மட்டும் தான் டிஃபரன்ஷியலோட இறுகி நிக்கும், மத்த பட்டை எல்லாம் நடுவுல ஊசலாடும், அதனால வண்டி சாயறப்ப பின் ஸ்பிரிங் எதிர்த்து தள்ளாது, சக்கரம் மடங்கறது நல்லா குறையும். கூடவே முன்னாடி இருக்கற ஆன்டி ரோல் பார (வளைவுல வண்டி சாயறத குறைக்கற கம்பி, நீங்க கேக்கற ரோல் பார் இல்ல) கனமா போட்டாங்க. மார்க் 3ல இத மாத்தி போடறது வெளிநாட்டுல ரொம்ப சகஜம். ரோல் பாருக்கு வெச்சிருக்கற காசுல மொதல்ல இத பண்ணுங்கன்னு தான் நான் சொல்வேன். முன்னாடியும் கனமான ஆன்டி ரோல் பார் சேத்து போடணும், பின்னாடி மட்டும் மாத்துனா வண்டி வளைவுல ரொம்ப சாயும்.

இன்னொண்ணு, முன் சக்கரத்துல கீழ இருக்கற டிரன்னியன். வெண்கல கட்டைக்குள்ள ஸ்டீல் மரை திருகிக்கிட்டு நிக்கும், ஸ்டீயரிங் திருப்பறப்ப எல்லாம் அந்த மரை தான் சுத்துது. அதுல கிரீஸ் அடிக்கற பழக்கம் நம்ம மெக்கானிக் எல்லாருக்கும் உண்டு. அதுக்கு கியர் ஆயில் தான், ஈபி 90. கிரீஸ் மரைக்குள்ள கீழ வரைக்கும் போகாது, உள்ள தண்ணி தங்கி துரு ஏறி ஒரு நாள் படக்குனு ஒடியும், ஒடியறது பெரும்பாலும் ஸ்டீயரிங் முழுசா ஒடிச்சிருக்கறப்ப, அதாவது கொண்டை ஊசில. அந்த மரை இருக்கற வெர்டிகல் லிங்க்க கழட்டி மரைய டீசல்ல கழுவி வெயில்ல புடிச்சு பாருங்க, குழி விழுந்திருந்தா மாத்தியே ஆகணும்.

ஆர்சி_புக்கு:

ஆர்டிஓ கேள்விக்கு யாரும் பதில் சொல்லாததால நான் எழுதறேன்.

மோட்டார் வாகன சட்டம் 1988ல 52வது பிரிவு, கம்பெனி குடுத்த ஸ்பெசிபிகேஷன்ல இருந்து ஆர்சில இருக்கற விவரம் மாறிப் போற மாதிரி வண்டிய மாத்தக்கூடாதுங்குது. 2019 ஜனவரில உச்ச நீதிமன்றமும் அத கண்டிப்பா சொல்லிடுச்சு. சீட்டு எண்ணிக்கை, பாடி வகை, இஞ்சின் எதுவும் மாறாத, போல்ட்ட கழட்டுனா வெளிய வந்துடற பார ஒரு ஆபீசர் கண்டுக்காமலும் விடலாம், இன்னொருத்தர் நிறுத்தி வெச்சு கேக்கலாம். 2017 கடைசில முன்பக்க கம்பி கார்டுக்கு மத்திய அரசு தடை சொன்னதுல இருந்து கம்பின்னு எத பாத்தாலும் ரோட்டுல நிறுத்தறாங்க. பதினஞ்சு வருஷம் தாண்டுன வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா ஆர்சி ரினீவல் வரும்ல, அப்ப கழட்டிட்டு காட்டறவங்க தான் அதிகம். பண்ணுங்கன்னு நான் சொல்லல, நடக்கறத சொல்றேன். நேரா போயி ஆபீஸ்ல எழுத்துல கேட்டு வாங்கிட்டா நிம்மதி. இன்சூரன்ஸ்காரங்களுக்கும் ஒரு மெயில் போட்டு வெச்சுடுங்க.

உங்களுக்கு முக்கியமானது வேற. 2021 ஜூலைல வின்டேஜ் வண்டிக்குன்னு தனி விதி வந்துச்சு. 50 வருஷம் தாண்டுன ரெண்டு சக்கரம், நாலு சக்கரம், சேஸியோ பாடியோ இஞ்சினோ பெருசா மாத்தாம அசல் நிலைல இருந்தா வின்டேஜ் பதிவு வாங்கலாம், நம்பர்ல விஏன்னு எழுத்து வரும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபா, பத்து வருஷம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. உங்க 1968 வண்டி அதுக்குள்ள வந்துடும். பார சேஸியோட வெல்டு அடிச்சுட்டீங்கன்னா "அசல் நிலை"ங்கற எடத்துல கேள்வி வரும், போல்ட்டுன்னா கழட்டி காட்டிடலாம். ஆனா விஏ வாங்குனா தினப்படி ஓட்ட முடியாது, கண்காட்சி, வின்டேஜ் ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குன்னு தான் ரோட்டுல எறக்கலாம். ஞாயித்துக்கிழம ஏரிக்கரை டீ அந்த லிஸ்ட்ல இல்லைங்க 😀

சேர்வராயன்68:

எல்லாருக்கும் பெரிய நன்றிங்க, இவ்ளோ வரும்னு நெனைக்கவே இல்ல. காந்தம் வெச்சு பாத்துட்டேன். டிரைவர் பக்க சில் சுத்தம், லெஃப்ட் பக்கம் பின் முனைல ஒரு ஜாண் நீளத்துக்கு காந்தம் வழுக்கிக்கிட்டு போகுது, தட்டுனா சத்தமும் மொத்தையா வருது. டிங்கர்கிட்ட காட்டி அத வெட்டி எடுத்துட்டு புது ஷீட் ஏத்த சொல்லிருக்கேன்.

விஏ எனக்கு வேணாம், ஓட்டறதுக்கு தான் வண்டி வாங்குனேன்.

ஒரு சந்தேகம் பாக்கி. மலைக்கு போறப்ப நான் ஹெல்மெட் போடறதில்ல, வீட்டம்மாவும் போட மாட்டாங்க. பார் பின் தலைக்கு ரொம்ப கிட்ட வருது. ஏசி பைப்புக்கு சுத்தற கறுப்பு ஃபோம் இருக்குல்ல, அத சுத்திட்டா போதுமா? ரேஸ் வண்டில வர்ற, ரெண்டு தோளையும் புடிக்கற நாலு பாயிண்ட் பெல்ட்டும் போட்டுடலாமான்னு யோசனை.

செட்டிபாளையம்_கார்னர்:

சார் இது தான் நீங்க முதல்லயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஏசி ஃபோம் கட்டை விரல்ல அழுத்துனா அப்படியே அமுங்கி பைப்ப தொட்டுடும் பாருங்க, தலை மோதறப்பவும் அதே தான். ரோல் பாருக்குன்னு வர்ற பேடிங் கெட்டியா இருக்கும், அழுத்துனா மெதுவா தான் அமுங்கும், அது மேல எஃப்ஐஏ 8857-2001னு போட்டிருக்கும், இல்லாட்டி எஸ்எஃப்ஐ 45.1. அது கூட ஹெல்மெட் போட்ட தலைய மனசுல வெச்சு பண்ணது. வெறும் தலைக்கு ஸ்டீல் டியூப் ஸ்டீல் டியூப் தான்.

மார்க் 3 சீட்டு முதுகு குட்டையா இருக்கும், தலைக்கு தாங்கலே கெடையாது. அயோத்தியாபட்டணம் பக்கம் சிக்னல்ல நிக்கறப்ப பின்னாடி இருந்து ஒரு வேன் லேசா முட்டுனாலே தலை பின்னாடி போயி பார்ல தான் மோதும். உருள்றது எப்பவோ நடக்கறது, பின்னாடி முட்டறது வாரா வாரம் நடக்கறது. அதனால ரோட்டுக்கும் இதே வண்டின்னா ஹெட்ரெஸ்ட் உள்ள உசரமான சீட்டு மாத்துங்க, தலைக்கும் பாருக்கும் நடுவுல சீட்டோட தாங்கல் வரணும், பார் எவ்ளோ பின்னாடி போகுமோ அவ்ளோ பின்னாடி போகட்டும். இத பண்ண முடியாதுன்னா என் கருத்து, ரோட்டுக்கு பார் போடாதீங்க, டிராக்குக்கு போறப்ப மட்டும் மாட்டுங்க. போல்ட்டு டைப்போட வசதியே அது தான்.

பெல்ட்டு: வளையத்துல தோள் உயரத்துக்கு ஒரு படுக்கை கம்பி சேத்து, அதுல தோள் பட்டைய கட்டணும். தோள்ல இருந்து பின்னாடி போறப்ப பட்டை 10ல இருந்து 45 டிகிரிக்குள்ள கீழ சாயலாம், அதுக்கு மேல செங்குத்தா தரைல கொண்டு போயி கட்டுனீங்கன்னா மோதறப்ப முதுகெலும்ப கீழ பாத்து நசுக்கும். நாலு பாயிண்ட்ட பார் இல்லாத வண்டில போடவே கூடாது, கவுந்தா குனிய கூட முடியாம நிமுத்தி உக்கார வெச்சுடும். ரோட்டுக்கு சாதா மூணு பாயிண்ட் பெல்ட்டே போதும், அது இருக்கா?

சேர்வராயன்68:

மூணு பாயிண்ட் இருக்குங்க, பழசு, கையால இழுத்து டைட் பண்ற மாடல். புதுசு மாத்தணும்.

அப்ப இப்படி வெச்சுக்கறேன்: மொதல்ல சில், அப்பறம் டிரன்னியன், ஸ்விங் ஸ்பிரிங்கும் முன் ஆன்டி ரோல் பாரும், அப்பறம் உசர சீட்டு. பார் 45க்கு 2.5ல ஒரே வளையம், குறுக்கு கம்பியோட, முழுக்க போல்ட்டு. வீட்டம்மாகிட்ட சொன்னேன், "அப்ப அது வர்ற வரைக்கும் நான் பஸ்ல வர்றேன், நீங்க மேல வந்து சேருங்க"ன்னுட்டாங்க.

ஹூட் மட்டும் தான் இன்னும் புரியல. மடிச்சா அதோட கம்பி சட்டம் சீட்டுக்கு பின்னாடி அதே எடத்துல தான் வந்து உக்காருது.

லேத்_பட்டறை:

அண்ணா, அத பேசி தீக்க முடியாது, வெச்சு தான் பாக்கணும். எட்டு மி.மீ. கம்பி ஒரு துண்டு வாங்கி வளையத்தோட உருவத்துக்கு கைலயே வளைச்சு, சீட்டுக்கு பின்னாடி டேப் போட்டு நிறுத்துங்க. டியூப் கனத்துக்கு அந்தக் கம்பி மேல பழைய சைக்கிள் டியூப்போ துணியோ சுத்திக்கிட்டா நெசமான அளவு தெரியும். ஹூட்ட ஏத்தி ஒருவாட்டி, மடிச்சு ஒருவாட்டி பாருங்க, ஹெல்மெட்டோட உக்காந்து கட்டைய வெச்சு உயரத்தையும் அதுலயே பாத்துடலாம். சட்டம் இடிச்சா ஹூட் சட்டத்த கழட்டி வீட்டுல வெச்சுட்டு துணி மட்டும் பட்டன்ல மாட்டற மாதிரி தைக்க வேண்டியிருக்கும், சேலத்துல சீட் கவர் தைக்கறவங்களே அத தெச்சுடுவாங்க. கம்பி ஒத்து வந்துட்டா அப்படியே கழட்டாம கொண்டாங்க, அதையே டெம்ப்ளேட்டா வெச்சு பென்டர்ல போட்டுக்கலாம். டேங்க் கழட்டிட்டு வாங்க.